காஞ்சியின் கரை

கி.பி. 640ஆம் ஆண்டளவில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். நகரின் சுற்றளவு, அங்கிருந்த நூற்றுக்கு மேற்பட்ட புத்த மடங்கள், அவற்றில் வாழ்ந்த பதினாயிரம் துறவியர், மக்களின் நேர்மை, கல்வியில் அவர்கள் கொண்டிருந்த பற்று ஆகியவற்றை எல்லாம் அவருடைய பயணக் குறிப்பு கூறுகிறது. அவர் காலத்துத் துறவியான ஹுயி லி எழுதிய யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு இன்னும் ஒரு செய்தியைத் தருகிறது. தென்கடலின் வாயிலில் அமைந்த நகரம் காஞ்சி; அங்கிருந்து சிங்கள நாட்டிற்கு மூன்று நாள் கடற்பயணம் என்பதே அச்செய்தி.

இதைப் படிக்கும் நமக்கு வியப்பு ஏற்படுவது இயற்கை. காஞ்சியிலிருந்து கடல் அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கோயில் கோபுரங்களும் தறிச் சத்தமும் நிறைந்த காஞ்சியை நாம் அறிவோம். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த காஞ்சியை அறிவோம். கப்பல் வந்து நிற்கும் காஞ்சி நம் நினைவில் இல்லை. சீனத் துறவி தவறாகக் கேட்டுக்கொண்டாரா? அல்லது நாம்தாம் எதையோ மறந்துவிட்டோமா?

நாம் மறந்துவிட்டோம் என்பதே விடை. காஞ்சிக்கு ஒரு கரை இருந்தது. பாலாறு கடலோடு கலக்கும் இடத்தைச் சுற்றி, வடக்கே கோவளம் முதல் தெற்கே சதுரங்கப்பட்டினமும் அதற்கு அப்பாலும் நீண்ட அக்கரையில், காலத்திற்குக் காலம் இடம் மாறிய பல துறைகள் இருந்தன. அத்துறைகள் வழியாகத்தான் காஞ்சி உலகத்தைப் பார்த்தது. உலகமும் காஞ்சியைப் பார்த்தது. அந்தக் கரைநெடுக நாம் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. அங்கே இறங்கியவை எவை, ஏற்றப்பட்டவை எவை, அவற்றைச் சுமந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே நடப்பது இன்னும் நல்லது.

அலையின் பெயர் தாங்கிய அரசன்

காஞ்சியை ஆண்டவர்களுள் சங்க இலக்கியம் நமக்கு நன்கு அறிமுகப்படுத்தும் மன்னன் தொண்டைமான் இளந்திரையன். திரை என்றால் அலை. கடலுக்குத் தொலைவில் உள்ள நகரத்தின் அரசன் அலையின் பெயரைத் தாங்கியிருக்கிறான். சோழ மன்னனுக்கும் நாக நாட்டு இளவரசிக்கும் பிறந்த குழந்தை ஒன்று, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்டு, அலையால் கரைசேர்ந்தது என்பது அம்மரபைப் பற்றி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கூறும் கதை. கதை எவ்வாறாயினும், தங்கள் முதல்வன் கடல் தந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் அக்குடி பெருமை கொண்டது என்பது தெளிவு.

இளந்திரையனைப் பாடிய நூல் பெரும்பாணாற்றுப்படை. ஐந்நூறு அடிகள் கொண்ட அந்நூலைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வறுமையில் வாடும் பாணன் ஒருவனைக் காஞ்சிக்கு வழிகாட்டி அனுப்பும் இந்நூல், அவனைக் காட்டு வழியாகவும் முல்லை நிலத்தின் வழியாகவும் மருத நிலத்தின் வழியாகவும் அழைத்துச் சென்று, நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறைக்கும் கொண்டுசேர்க்கிறது. காஞ்சியைக் காணும் முன் அதன் கரையைப் பாணன் காண வேண்டும் என்று புலவர் கருதினார் போலும்.

அத்துறையை அவர் விரித்துரைக்கும் முறை கருதத்தக்கது. பால்நிறப் பிடரிமயிர் கொண்ட குதிரைகளையும் வடதிசைச் செல்வங்களையும் கொணர்ந்த கப்பல்கள் கரையைச் சூழ்ந்து நிற்கின்றன. கடலோரமாக மாடங்கள் உயர்ந்த வீதிகள். பரதவர் வாழும் தெருக்கள். ஏவலாளர் காவல் காக்கும் உயர்ந்த பண்டகசாலைகள். இவற்றுக்கு மேலாக, வானத்திற்கு முட்டுக்கொடுத்த தூண் போல ஒரு மாடம் நிற்கிறது. ஏணி சாத்தி ஏற வேண்டிய அம்மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய தீ, நடுக்கடலில் ஓடும் கலங்களைக் கரைக்கு அழைக்கிறது. தமிழ் இலக்கியத்தில் கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கிடைக்கும் பழைய சித்திரங்களுள் இது ஒன்று.

நீர்ப்பெயற்று எங்கே இருந்தது? மாமல்லபுரமே அது என்பர் ஒரு சாரார். பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய இடம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒரே கரையின் இரு பகுதிகளே. ஆதலால் அந்த வாதத்தில் நாம் இப்போது நுழைய வேண்டியதில்லை.

யவனர் விளக்கு

அந்நூலில் இன்னொரு சிறு காட்சி உண்டு. துறையில் நீராடும் பெண் ஒருத்தியின் காதணி கரையில் கிடக்கிறது. மீன்கொத்திப் பறவை அதை இரையென்று எண்ணிக் கவ்விச் சென்று, அந்தணர் நட்ட வேள்வித் தூணின்மேல் அமர்கிறது. தூணின் உச்சியில் அப்பறவை அமர்ந்திருக்கும் தோற்றத்திற்கு உவமை தேடிய புலவர், யவனரின் கப்பலில் உயர்ந்த பாய்மரத்தின்மேல் வைத்த அன்ன வடிவ விளக்கைச் சொல்கிறார்.

கேட்பவர் அறிந்த பொருளைக் கொண்டு அறியாததை விளக்குவதே உவமையின் இயல்பு. ஆகவே யவனர் கப்பலின் அன்ன விளக்கு, அக்காலத் தொண்டை நாட்டு மக்கள் கண்ணால் கண்ட பொருளாக இருந்திருக்க வேண்டும். வேள்வித் தூணும் யவன விளக்கும் ஒரே வாக்கியத்தில் பகையின்றி நிற்கும் அளவிற்கு அந்தக் கரை பரந்த மனம் கொண்டிருந்தது.

அந்த விளக்கு எங்கிருந்து வந்தது? மத்தியதரைக் கடலின் ஓரத்திலிருந்து. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரனிக்கே, மயோஸ் ஹோர்மோஸ் ஆகிய இடங்களிலிருந்து பருவக்காற்றின் துணையோடு இந்தியாவிற்குக் கப்பல்கள் புறப்பட்டன. மயோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கலங்கள் சென்றன என்று ஸ்ட்ராபோ என்ற நிலநூலாசிரியர் எழுதினார். திரும்பி வந்த சரக்குகள் ஒட்டகங்களின் முதுகில் பாலைவனம் கடந்து, நைல் நதியில் படகேறி, அலெக்சாந்திரியாவை அடைந்தன. உலக அதிசயங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட பாரோஸ் கலங்கரை விளக்கம் அந்நகரின் கடல்முகப்பில் நின்றது. அங்கிருந்து இத்தாலியின் புத்தெயோலி துறைக்கும், பின்னர் உரோமைக்கும் சரக்குகள் சென்றன.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதை அன்று. மயோஸ் ஹோர்மோஸ் இருந்த குசைர் அல்-காதிம் என்னுமிடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்துகளில் கீறப்பட்டிருக்கின்றன. பெரனிக்கேயில் 1995ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த ஓடு ஒன்றிலும் தமிழ்ப் பெயர் உண்டு. கி.பி. 100ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரிய மக்கள் முன் உரையாற்றிய தியோ கிறிசோஸ்தோம் என்னும் சொல்லாளர், கூட்டத்தில் இந்தியர் சிலரும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். நம்மவர்களும் அந்தக் கடல்முகப்புத் தெருக்களில் அந்நியராய் நடந்திருக்கிறார்கள். யாரோ அவர்களுக்கு உறங்க இடமும் உண்ண உணவும் தந்திருக்கிறார்கள்.

விவிலியம் படிக்கும் நமக்குப் புத்தெயோலி புதிய பெயர் அன்று. கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட புனித பவுல், மால்தா தீவில் குளிர்காலம் கழித்து, அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றில் ஏறி அத்துறையில் இறங்கினார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. இறங்கிய இடத்திலேயே கிறிஸ்தவச் சகோதரர்கள் சிலரை அவர் கண்டார்; ஏழு நாள் அவர்களோடு தங்கினார். உரோமைக்குத் திருத்தூதர் சென்று சேருமுன்னரே துறைமுகத்திற்கு நற்செய்தி எப்படிப் போயிற்று? மாலுமிகள், வணிகர்கள், சுமைதூக்குவோர், அடிமைகள் ஆகியோர் வழியாகத்தான் போயிருக்க முடியும். மிளகு இறங்கிய படிக்கட்டிலேயே நம்பிக்கையும் இறங்கியது.

புனித தோமையார் சோழமண்டலக் கரைக்கு வந்து மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்னும் நம் மரபையும் இந்தப் பின்னணியில் வைத்துக் காண வேண்டும். கடல்வழி இருந்தது என்பதனால் மட்டும் மரபு வரலாறாக நிறுவப்பட்டுவிடாது. ஆனால் எருசலேமிலிருந்து புறப்பட்ட ஒருவர் எகிப்து வழியாகத் தமிழகம் வந்து சேர்வது முதல் நூற்றாண்டில் வழக்கமான பயணமே என்பதை இந்தத் துறைகள் நமக்கு உறுதிப்படுத்துகின்றன.

மண்ணுக்குள் ஒரு துறை

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை அடுத்து வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970ஆம் ஆண்டு அங்கே அகழாய்வு நடத்தியது. உறைகிணறுகள், செங்கல்லால் கட்டிய இரு தொட்டிகள், உருளை அச்சுக் கோலமிட்ட பாண்டங்கள், கூம்பு வடிவ அடிப்பாகம் கொண்ட பெரிய சாடிகளின் உடைந்த துண்டுகள் ஆகியவை கிடைத்தன. ஒரு காலத்தில் துறையாக இருந்த ஊர் இது என்பதற்கு அவை சான்று.

அச்சாடிகள் கருதத்தக்கவை. கடற்பயணத்தில் மது, எண்ணெய் முதலியவற்றைக் கொண்டுவரப் பயன்பட்டவை இவ்வகைச் சாடிகள். இந்தியத் துறைகளில் கிடைத்த இத்தகைய சாடிகள் அனைத்தும் உரோமையருடையவை என்றே முன்பு எண்ணப்பட்டது. அவற்றுள் பல பாரசீக வளைகுடாப் பகுதியில் செய்யப்பட்டவை என்று பின்வந்த ஆய்வாளர் கண்டனர். இதனால் நம் கரையின் சிறப்புக் குறையவில்லை, பெருகவே செய்கிறது. ஒரு நாட்டாரை மட்டும் அன்று, பல நாட்டாரை வரவேற்ற கரை இது.

செங்கல் தொட்டிகள் இன்னொரு செய்தி சொல்கின்றன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தகைய தொட்டிகள் கிடைத்தன. துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டவையாக அவை இருக்கலாம் என்று அவர் கருதினார். வசவசமுத்திரத்துத் தொட்டிகளும் அவ்வாறே பயன்பட்டிருக்குமானால், நெசவுக்கும் கடலுக்கும் இடையே இருந்த தொடர்பு எவ்வளவு பழமையானது என்பது விளங்கும். உள்நாட்டில் நெய்த துணி கரையில் வண்ணம் பெற்றுக் கடல் ஏறியது.

அடைக்கலம் தேடி வந்தவர்கள்

பல்லவர் காலத்தில் இக்கரையின் தலைமைத் துறை கடல்மல்லை ஆயிற்று. முதலாம் நரசிம்மவர்மனின் மாமல்லன் என்ற பெயரால் மாமல்லபுரம் எனப்பட்டதும் அதுவே. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே கடல்மல்லையில் அலைவாய்க் கோயிலையும் எழுப்பினான். நகரத்திற்கு ஒன்று, கரைக்கு ஒன்று. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வயலூரில் தன் முன்னோர் வரிசையை ஒரு தூணில் பொறித்து வைத்தவனும் அவனே. நாட்டின் வாயிற்படியில் வீட்டுக்காரன் தன் பெயரை எழுதி வைத்தது போல அது இருக்கிறது. 720ஆம் ஆண்டு அவன் சீனப் பேரரசனிடம் தூதர்களை அனுப்பினான். யானைகளும் மணிக் குவியல்களும் ஏற்றிய கப்பல்கள் கடல்மல்லையில் நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய தாய்லாந்தின் தக்குவா பா என்னுமிடத்தில் அவனிநாரணம் என்ற குளமும், அதைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்து வணிகரும் தமிழ்க் கல்வெட்டில் இடம்பெற்றனர். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர்.

இத்தனை பெருமைகளுக்கு நடுவே யுவான் சுவாங் காலத்து நிகழ்ச்சி ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவர் காஞ்சிக்கு வந்தது சிங்கள நாட்டிற்குக் கப்பலேறுவதற்காக. ஆனால் அவர் புறப்படுமுன் அந்நாட்டிலிருந்து ஏறத்தாழ முந்நூறு துறவியர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் குழப்பமும் பஞ்சமும் தலைவிரித்தாடுகின்றன, ஆகவே இங்கே அடைக்கலம் தேடி வந்தோம் என்றனர். யுவான் சுவாங் தம் பயணத்தைக் கைவிட்டார்.

அதே நூற்றாண்டில் மானவர்மன் என்னும் சிங்கள இளவரசனும் நாட்டை இழந்து காஞ்சி வந்து, நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான் என்று இலங்கையின் சூளவம்சம் கூறுகிறது. பல்லவனுக்காகப் போர்களில் ஈடுபட்ட அவனுக்குப் பல்லவன் இருமுறை படை அனுப்பி உதவினான். இரண்டாம் முறையில்தான் வெற்றி கிட்டியது. அடைக்கலம் தேடி வந்த படகும் படையெடுத்துச் சென்ற கப்பலும் ஒரே கடலைக் கடந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வரலாறு அவ்வாறுதான் இருக்கிறது.

ஆயினும் அந்த முந்நூறு பேர் நம் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. 1983ஆம் ஆண்டிற்குப் பின் அதே தீவிலிருந்து, அதே காரணங்களுக்காக, தமிழ் மக்கள் படகேறி இராமேசுவரக் கரையில் வந்திறங்கியதை நம் தலைமுறை கண்டது. இன்றும் முகாம்களில் வாழ்வோர் உளர். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் காஞ்சியின் மடங்கள் அந்நிய மொழி பேசியவர்களுக்குக் கதவு திறந்தன. ஒரு நகரத்தின் சிறப்பை அளக்க அதன் கோபுரத்தின் உயரம் மட்டும் போதாது. கரைக்கு வந்தவரை அது எப்படி ஏற்றது என்பதும் ஓர் அளவுகோல்.

கடல்மல்லையின் துறை இன்று இல்லை. தேசியக் கடலியல் நிறுவனத்தினர் 2002ஆம் ஆண்டளவில் நடத்திய ஆய்வில் கடலுக்கடியில் கட்டடச் சிதைவுகளைக் கண்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின், சாளுவன்குப்பத்தில் பழைய முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. பல்லவர் கட்டடத்திற்கு அடியில் அதற்கும் முற்பட்ட செங்கல் கோயில் இருந்தது. மத்தியதரைக் கடலிலும் இதே கதைதான். பவுல் இறங்கிய புத்தெயோலியின் கரைப்பகுதி நீரில் மூழ்கிக் கிடக்கிறது. அங்குள்ள பழைய சந்தையின் பளிங்குத் தூண்களில் கடற்சிப்பிகள் துளைத்த தழும்புகள் இன்றும் தெரிகின்றன. துறைகள் மாறும், கடல் தன் கணக்கைத் தானே எழுதும்.

சதுரங்கப்பட்டினத்துக் கணக்கு

கல்பாக்கம் அணுமின் நிலையத்திற்கு அருகே செங்கல் கோட்டை ஒன்று பாழடைந்து நிற்கிறது. சதுரங்கப்பட்டினம் என்னும் அவ்வூரை ஐரோப்பியர் சத்ராஸ் என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்கே வணிகம் நடத்தினர். கோட்டைக்குள் பண்டகசாலைகளும் கல்லறைத் தோட்டமும் உள்ளன. சித்திர வேலைப்பாடு மிகுந்த கல்லறைப் பலகைகள், வீடு திரும்பாமல் இக்கரையிலேயே உயிர்நீத்தவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. 1782 பிப்ரவரி 17ஆம் நாள் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போர் இவ்வூரின் பெயரால் வழங்குகிறது. 1824ஆம் ஆண்டின் ஆங்கில - டச்சு உடன்படிக்கையின்படி இவ்விடம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

டச்சுக்காரர் இங்கு வந்தது துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமாயின் அங்குள்ளோர் விரும்பிய சோழமண்டலத் துணியைக் கொடுக்க வேண்டியிருந்தது. சத்ராசின் மென்பருத்தித் துணி பெயர் பெற்றது. தொண்டை மண்டலத்து நெசவூர்களில் தரகர் வழியாக முன்பணம் கொடுக்கப்பட்டது. முன்பணம் வாங்கிய நெசவாளர், குறித்த நாளில் குறித்த அளவு துணியைத் தந்தாக வேண்டும். நூல் விலை ஏறினாலும், அரிசி விலை ஏறினாலும், வாங்கிய கடன் அவர்களைத் தறியோடு கட்டி வைத்தது. கரையில் செல்வம் குவிந்தபோதும் நெய்தவர் வீட்டில் அது தங்கவில்லை.

இதைவிடக் கொடிய சரக்கு ஒன்றும் ஏற்றப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வாட்டியபோதெல்லாம் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். பசி தாளாமல் தங்களையே விற்றுக்கொண்டோரும் உண்டு. சோழமண்டலக் கரைத் துறைகளில் டச்சுக் குழுமத்தார் அவர்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவிற்கும் கப்பலேற்றினர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி போரால் சீரழிந்த ஆண்டுகளில் மட்டும் பல்லாயிரம் பேர் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். சிலுவை பொறித்த பாய் விரித்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. இதை நாம் நேர்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

திருவெளிப்பாடு நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில், மாநகரின் வீழ்ச்சியைக் கண்டு புலம்பும் வணிகர்களின் சரக்குப் பட்டியல் ஒன்று வருகிறது. பொன், வெள்ளி, மணி, முத்து என்று அது தொடங்குகிறது. பட்டும் உண்டு, இலவங்கமும் உண்டு. மத்தியதரைக் கடலின் துறைமுகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து படிப்பது போலவே இருக்கும். ஆனால் பட்டியலின் இறுதியில் அடிமைகளும் மனித உயிர்களும் இடம்பெறுகின்றன. திருநூலாசிரியர் அதைக் கடைசியில் வைத்தது தற்செயலாக இராது. பொன்னில் தொடங்கும் கணக்கு எங்கே போய் முடிகிறது என்று நாம் பார்க்க வேண்டும் என்பதே அவர் கருத்து எனலாம்.

தறியிலும் ஒரு கரை

தமிழில் கரை என்ற சொல்லுக்குக் கடற்கரை என்றும் பொருள் உண்டு. சேலையின் விளிம்பு என்றும் பொருள் உண்டு. நெசவாளர் கையில் ஓடும் நாடாவிற்கு ஓடம் என்ற பெயரும் வழங்கியது. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பே அதன் கரைதான். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இரண்டையும் இழைக்கு இழை பிணைப்பதைக் கோர்வை என்பர். சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிக்கே உரியது அந்தக் கைவேலை. 2005-06ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

காஞ்சியில் நெசவாளர் மதிப்போடு வாழ்ந்த காலமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் உத்தம சோழன் வழங்கிய செப்பேடு இதற்குச் சான்று. காஞ்சியின் ஊரகக் கோயிலின் நிருவாகப் பொறுப்பு, அரச உடை நெய்த பட்டசாலியர் வாழ்ந்த நான்கு சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததை அச்செப்பேடு காட்டுகிறது. நெய்த கையே கோயிலின் கணக்கையும் காத்தது.

கோர்வை நெசவு ஒருவரால் மட்டும் இயலாது. நெசவாளர் உடலை நெய்ய, கரைப் பக்கத்தில் அமர்ந்து நாடாவை வாங்கி அனுப்ப ஒரு துணையாள் வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ அமர்ந்திருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளியை விட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்த பிள்ளைகள் அவர்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் படும் பாட்டை விரித்துரைத்தபோது காஞ்சிபுரத்தையும் குறிப்பிட்டது. அரசும் தொண்டு நிறுவனங்களும் நெசவாளரும் எடுத்த முயற்சியால் அந்நிலை பெரிதும் மாறியது என்பதை மகிழ்ச்சியோடு சொல்லலாம். ஆனால் டச்சுக்காரர் கோட்டையில் தொடங்கிய முன்பணக் கணக்கும், தறிக்குழியில் அமர்ந்த பிள்ளையின் கணக்கும் ஒன்றோடொன்று உறவுடையவை என்பதை மறந்துவிடலாகாது. சேலையில் கண்ணைக் கவர்வது கரை. அதை நெய்து கொடுக்கக் கரையில் அமர்ந்தவரை யாரும் பார்ப்பதில்லை.

துறைமுகங்களிலும் அவ்வாறே. மாமல்லன் பெயர் ஊருக்கு நிலைத்தது. இராசசிம்மன் பெயர் தூணில் நிலைத்தது. டச்சு வணிகர் பெயர் கல்லறையில் நிலைத்தது. சாடிகளைத் தூக்கியவர், சாயத் தொட்டியில் கை நனைத்தவர், ஏணியில் ஏறி இரவுதோறும் விளக்கேற்றியவர், கப்பலின் அடித்தட்டில் அழுதுகொண்டே போனவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. குசைர் அல்-காதிமில் பானை ஓட்டில் தன் பெயரைக் கீறி வைத்த கண்ணன் ஒருவகையில் பேறு பெற்றவன்.

கரையை நினைவில் கொள்வோம்

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, பல்லவர் காலத்துச் சீன உறவைப் பற்றிப் பலரும் பேசினர், எழுதினர். அடுத்த மாதமே செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது. மாமல்லபுரமும் வசவசமுத்திரமும் வயலூரும் சதுரங்கப்பட்டினமும் அம்மாவட்டத்திற்குப் போயின. காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு இன்று கடற்கரை இல்லை. ஆட்சி வசதிக்காகச் செய்த ஏற்பாட்டில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆனால் வரைபடத்தில் கரை இல்லாது போனபின், நினைவிலும் இல்லாது போய்விடக் கூடாது.

காஞ்சி தன்னால் மட்டும் காஞ்சி ஆகவில்லை. சீனத் துறவியும், யவன மாலுமியும், வளைகுடா வணிகரும், அடைக்கலம் தேடி வந்த சிங்களத் துறவியரும் கால்வைத்த ஒரு கரை அதற்கு இருந்தது. நகரம் உடலாகவும் துறை கரையாகவும் அமைந்து, இடையே கோர்வையாக நின்றவை பாலாறும், வண்டிப் பாதைகளும், பெயர் தெரியாத மனிதர்களின் தோள்களும். இன்று பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி நீர் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள்தாம் தெரிகின்றன. துறைகள் மண்ணிலும் நீரிலும் மூழ்கிவிட்டன. எஞ்சி இருப்பது நம் நினைவும், அந்நினைவு நம்மிடம் எழுப்பும் கேள்வியும்.

இன்றும் நம் ஊர்களுக்குக் கரைகள் உண்டு. பேருந்து நிலையங்களும் தொடர்வண்டி நிலையங்களும் தொழிற்பேட்டை வாயில்களும் இக்காலத்துத் துறைகளே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலை தேடி வருவோர் அங்கேதான் இறங்குகின்றனர். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ளன. அவர்களுடைய மொழி நமக்கு விளங்குவதில்லை. பெயரைக் கேட்டு அறிவோரும் சிலரே. புத்தெயோலியில் கைதி ஒருவரை ஏழு நாள் தங்க வைத்தவர்களின் பெயர்களைத் திருநூல் குறிப்பிடவில்லை. சகோதரர்கள் என்ற ஒரே சொல்லால் அவர்களைக் குறித்து நிறுத்திக்கொள்கிறது. நீர்ப்பெயற்றின் மாடத்தில் ஏணி சாத்தி விளக்கேற்றியவனும் வரும் கப்பல் யாருடையது என்று தெரிந்துகொண்டு அதை ஏற்றவில்லை. அந்நியன் ஒருவன் இருளில் வழி தேடிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.